சமையல் உதவியாளர் ஆணை வந்திருக்கிறது: முதல் ஒரு வருடம் தகுதிகாண் பருவமா? (ஏற்காடு)

மிளகுக்கொடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் ஊர் ஏற்காட்டில் இருந்து நாகலூர் போகும் பக்கம். தங்கச்சிக்கு ஊர்ப் பள்ளியிலேயே சத்துணவுச் சமையல் உதவியாளர் வேலைக்கு ஆணை வந்திருக்கிறது. மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம், அதாவது படி எதுவும் சேராத மொத்தச் சம்பளம். ஒரு வருடம் முடிந்ததும் சிறப்புக் காலமுறை ஊதியம், 3,000 முதல் 9,000 என்று போட்டிருக்கிறார்கள். ஆணை வாங்கப் போன இடத்தில் ஒருவர், "ஒரு வருஷம் புரொபேஷன்மா, ஒழுங்கா இல்லேன்னா அனுப்பிடுவாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

இப்போது ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறாள். கார்த்திகையில் இருந்து மாசி வரை பழம் பறிப்பு நடக்கும்போது கையில் வருவது 3,000-ஐ விட நிறையவே அதிகம். அதை விட்டுவிட்டு இதில் சேர்ந்து, வருடம் முடியும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இரண்டும் போச்சே என்பது அம்மாவின் கவலை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பெரியப்பா மகன் ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி மோட்டார் போடுகிறவர். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் "தற்காலிகம்" தான். தங்கச்சியும் அப்படியே ஆகிவிடுவாளா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தறிச்சத்தம்

3,000 ரூபாயா? அம்மாபேட்டையில் தறிக்குப் போனாலும் அதைவிட வாரத்துக்குக் கூட வரும் தலைவா. அரசாங்க வேலை என்ற பெயருக்காக எத்தனை பேர்தான் ஏமாறுவீர்கள்.

வாழவந்தியான்

மலையில் தறி ஏது? பழம் பறிப்பு முடிந்தால் மிளகு, அது முடிந்தால் சேலத்துக்கு இறங்கிக் கட்டட வேலை. ஊரிலேயே மாதாமாதம் வரும் சம்பளத்தின் அருமை மலையில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

கோரிமேட்டார்

தம்பி மிளகுக்கொடி, நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் பல வருடம் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். இந்த ஆணைகளை நானே நிறைய தட்டச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் தங்கச்சிக்குச் சொல்லப்பட்ட அந்த ஒரு வருடம், அரசு அலுவலகங்களில் தகுதிகாண் பருவம் என்று நாம் சொல்வது அல்ல. தகுதிகாண் பருவம் என்பது, காலமுறை ஊதியத்தில் ஒப்பளிக்கப்பட்ட, அதாவது அரசு முறைப்படி அனுமதித்த பணியிடத்தில் நேரடியாக நியமிக்கப்பட்டவருக்கு வருவது. 2016-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தில் அது இருக்கிறது. பொதுவாக மூன்று ஆண்டு தொடர்ச்சியான காலத்துக்குள் இரண்டு ஆண்டு பணி செய்திருக்க வேண்டும். குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராக வருகிறவர், 19,500-இல் தொடங்கும் ஊதிய நிலையில் உட்கார்ந்துவிட்டுத் தகுதிகாண் பருவத்தைக் கழிக்கிறார். பருவம் முடியும் முன்பே அகவிலைப்படி உண்டு, ஊதிய உயர்வு உண்டு.

சமையல் உதவியாளருக்கு முதல் 12 மாதம் தொகுப்பூதியக் காலம். அதற்கு அகவிலைப்படி கிடையாது. 12 மாதம் முடிந்து சிறப்புக் காலமுறை ஊதியத்துக்குள் வந்தபிறகுதான் அகவிலைப்படி சேரும், ஒவ்வொரு முறை அரசு அதை உயர்த்தும்போதும் இவர்களுக்கும் உயரும். அதனால் 3,000 என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதே சமயம், இது இளநிலை உதவியாளர் வேலை மாதிரியும் இல்லை. 1982-இல் சத்துணவுத் திட்டம் தொடங்கிய நாளில் இருந்து இந்தப் பணியாளர்கள் பகுதிநேரம் என்ற கணக்கில்தான் இருக்கிறார்கள். ஓய்வு பெறும்போது ஒட்டுமொத்தத் தொகையும் சிறிய சிறப்பு ஓய்வூதியமும்தான், முழு அரசு ஊழியர் ஓய்வூதியம் அல்ல.

இனி உங்கள் பெரியப்பா மகன். அவர் நிலைமை வேறு, தங்கச்சி நிலைமை வேறு. தங்கச்சியின் இடம், அந்த மையத்துக்கு அரசு அனுமதித்த இடம். முன்பு இருந்தவர் ஓய்வு பெற்றோ விலகியோ காலியாகி, அறிவிப்பு வந்து, விண்ணப்பம் வாங்கி, நேர்காணல் நடத்தி நிரப்பப்பட்டது. தொட்டி மோட்டார் போடுகிறவரை ஊராட்சித் தீர்மானம் போட்டு வைத்தார்களா, அல்லது அப்போதைய தலைவர் "நாளையில் இருந்து வா" என்று வாயால் சொன்னாரா? எத்தனை வருடம் வேலை பார்த்தோம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தோம் என்று கேட்டால் பாதிப் பேரிடம் காகிதம் இருக்காது.

மிளகுக்கொடி

சார், ரொம்ப நன்றி. வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "அனுப்பிவிடுவார்கள்" என்று சொன்னது மட்டும் அவள் மனதில் இருந்து போகவில்லை. 12 மாதத்துக்குள் அனுப்ப முடியுமா, முடியாதா?

அண்ணன் விஷயத்தில் தீர்மானம் இருக்கிறதா என்று அவருக்கே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குகிறார், அவ்வளவுதான். முன்பு தலைவர் மாறும்போதெல்லாம் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பார். 2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் கையில் ஊராட்சி போனபிறகு அந்தப் பயம் இல்லை, யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

செக்ரோல்

ஏற்காடு எஸ்டேட்களில் ரைட்டராக இருந்தவன். எல்லோரும் சத்துணவைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பெண் விட்டுவிட்டு வரப்போகும் வேலையை யாரும் கேட்கவில்லையே.

தம்பி, முதலில் தங்கச்சியின் பெயர் செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் ஆள் பதிவேட்டில் இருக்கிறதா, மேஸ்திரி அழைத்து வரும் ஆட்களில் ஒருத்தியா என்று கேளுங்கள். 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் உள்ள தோட்டமென்றால் 2025 நவம்பர் வரை அது தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குள் வந்தது. தமிழ்நாட்டில் 1981-இல் வந்த நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. ஆலை, கடை, உணவகம், மோட்டார் போக்குவரத்தோடு தோட்டமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்திருந்தால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு, வருடத்துக்கு 15 நாள் கூலி கணக்கில்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் எஸ்டேட்காரர் "அவளாகவே வராமல் போய்விட்டாள்" என்று எழுதி முடித்துவிடுவார். விலகல் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி, பிஎஃப் எண்ணையும் குறித்துக்கொண்டு வெளியே வரச் சொல்லுங்கள். மாதம் 3,000 வாங்கும் முதல் வருடத்துக்கு அந்தப் பணிக்கொடை பெரிய கைத்தாங்கல். செக்ரோலில் பெயரே இல்லை, பறிப்புக் காலத்தில் மட்டும் போகிறவள் என்றால் இழக்க ஒன்றுமில்லை, தாராளமாகச் சேரலாம்.

மிளகுக்கொடி

செக்ரோலில் பெயர் இருக்கிறது அண்ணா. பிஎஃப் பிடிக்கிறார்கள். வருடக் கணக்கை நாளை கேட்டுச் சொல்கிறேன். இதை நான் யோசிக்கவே இல்லை.

தாரமங்கலத்தாள்

நான் உண்மையான தகுதிகாண் பருவத்தில் இருந்து மீண்டு வந்தவள், அதனால் எழுதுகிறேன். ஒரு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வெளியே இருந்து பார்ப்பவர்கள் இரண்டு வருடம் யாரோ நம்மை உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். யாரும் பார்ப்பதில்லை. காகிதம்தான் நம்மைப் பார்க்கிறது.

முதலில் பணிவரன்முறை ஆணை, அதாவது நியமனம் முறையானது என்று உறுதி செய்யும் ஆணை வர வேண்டும். அதற்குப் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றுக்கும் அவை உண்மையானவை என்ற மெய்த்தன்மை அறிக்கை வர வேண்டும். தேர்வுத் துறைக்கு அனுப்பிய சான்று திரும்பி வருவதற்குள் அனுப்பிய எழுத்தர் மாறுதலில் போய்விடுவார், புதியவர் "எந்தக் கோப்பு?" என்பார். காவல் துறை நன்னடத்தை அறிக்கை தனி. பவானிசாகர் அடிப்படைப் பயிற்சி தனி. அதற்குப் பெயர் வந்தால் வீட்டில் என்ன இருந்தாலும் கிளம்ப வேண்டும், தவறவிட்டால் அடுத்த அணி எப்போது என்று காத்திருக்க வேண்டும். தற்செயல் விடுப்பு எடுத்தால் பிரச்சினை இல்லை. மருத்துவ விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அத்தனை நாள் பருவம் தள்ளிப்போகும்.

எனக்கு வந்த பெரிய அடி பேறுகால விடுப்பு. அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலையில் இருந்து அது ஒரு வருடம். வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் அந்த ஒரு வருடம் தகுதிகாண் பருவத்தில் சேராது என்றார்கள். என்னோடு ஒரே பட்டியலில் வந்த ஆண்கள் பருவம் முடித்து அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் பேர் போட்டுக்கொண்டார்கள். நான் குழந்தை பெற்றதற்காக ஒரு வருடம் பின்னால் நின்றேன். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததே, பேறுகால விடுப்பும் தகுதிகாண் பருவத்தில் கணக்கில் எடுக்கப்படும் என்று, அது வரவேண்டிய காலத்தைத் தாண்டி வந்தது. எனக்குப் பின்னால் வருகிற பெண்களுக்காவது உதவும்.

தறிச்சத்தம்

மேடம், நீங்கள் சொல்வதைக் கேட்டால் அந்த 3,000 வேலையே நிம்மதி போலிருக்கிறது. மெய்த்தன்மையும் இல்லை, பவானிசாகரும் இல்லை.

தாரமங்கலத்தாள்

இல்லை சார். எனக்குக் காகிதம் தாமதமானாலும் இடம் என்னுடையது. வேலையை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் காரணம் காட்டி, எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்ப முடியும். எங்கள் அலுவலகத்திலேயே வெளிமுகமையில் (அவுட்சோர்சிங்) வந்த கணினி இயக்குபவர் ஒரு பெண். நான் போடும் அதே பதிவுகளை அவர்தான் வேகமாகப் போடுவார். ஒரு மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை என்று போனில் சொன்னார்கள், அடுத்த நாள் அவர் வரவில்லை. தகுதிகாண் பருவத்தில் இருக்கிறவளுக்கு அது நடக்காது.

நாலு ரோட்டான்

இதோ, போனில் சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்று எழுத மாட்டேன். குப்பை எடுக்கும் வேலையில் மேற்பார்வையாளர். உடுப்பில் உள்ளாட்சியின் முத்திரை, சம்பளம் ஒப்பந்ததாரரிடம் இருந்து. ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனம் வந்ததும், "பழைய ஆட்களையே எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். எடுத்தார்கள். ஆனால் எல்லோருக்கும் புது நியமனத் தேதி. பிஎஃப் பழைய நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கு, புதியதில் இன்னொன்று. எட்டு வருடம் ஒரே தெருவைப் பெருக்கிய அக்காவுக்கு ஆவணப்படி சர்வீஸ் சில மாதம்.

பகுதிநேரம், தொகுப்பூதியம் என்று எழுதிக் கொடுத்தால்கூட எஜமான் யார் என்று தெரியும். எங்களுக்கு அதுவும் இல்லை. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152-ஐப் படித்துப் பாருங்கள். சென்னை போக 20 மாநகராட்சிகளில் நிரந்தர இடங்களைக் குறைத்துவிட்டார்கள். துப்புரவு, ஓட்டுநர் மாதிரி வேலைகள் எல்லாம் வெளிமுகமைக்கு. காலியிடமே இல்லாமல் போனால் பத்து வருடம் கழித்து எந்த இடத்தில் நிரந்தரம் கேட்பது?

வாழவந்தியான்

சென்னையில் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தது இதற்குத்தானே.

நாலு ரோட்டான்

அதற்குத்தான். ராயபுரம், திரு.வி.க. நகர் இரண்டு மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். அதுவரை சுயஉதவிக் குழு வழியாக மாநகராட்சியிடமே நேரடியாக வேலை பார்த்தவர்கள் அவர்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் அடுத்த நாள் வாயே திறக்கவில்லை.

வக்கீல் வண்டி

மூன்று விஷயம் கலந்து போகிறது, பிரித்துச் சொல்கிறேன். நான் சேலம் நீதிமன்றத்தில் தொழில் செய்கிறவன், இது பொதுவான விளக்கம்தான்.

அனுப்ப முடியுமா என்ற கேள்விக்கு. தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை, வேலைக்குப் பொருத்தமில்லை என்று சாதாரணமாக விடுவிக்க முடியும். ஆனால் அதற்கு அடிப்படை ஒரு குற்றச்சாட்டு என்றால், அதாவது அரிசி குறைந்தது, முட்டை காணோம், பணம் கையாண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது விசாரணை இல்லாமல் அனுப்ப முடியாது. 1958-இல் வெளியான உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருந்து இந்தக் கோடு வந்துகொண்டே இருக்கிறது. ஆணையில் பெயருக்குக் களங்கம் வரும் வாசகம் இருந்தால் அது தண்டனை, அதற்கு விசாரணை வேண்டும் என்று 1999-இல் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கும் குறைந்தபட்சம் இந்த வாதம் உண்டு. "சமையல் சரியில்லை" என்று வாயால் சொல்லி நாளையில் இருந்து வராதே என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. நியமன ஆணை கொடுத்த அதிகாரிதான் எழுதித் தர வேண்டும்.

அடுத்தது, பத்து வருடம் ஆனால் நிரந்தரம் என்ற நம்பிக்கை. 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தக் கதவை ஏறக்குறைய மூடியது. முறையான தேர்வு இல்லாமல் உள்ளே வந்தவருக்கு வருடக் கணக்கால் உரிமை வராது. ஒப்பளிக்கப்பட்ட இடத்தில், நீதிமன்றத் தடை உத்தரவின் பலத்தில் அல்லாமல் பத்து வருடம் இருந்தவர்களை ஒரே ஒரு முறை முறைப்படுத்தலாம், அதாவது நிரந்தரமாக்கலாம் என்றது, அவ்வளவுதான்.

பகுதிநேரம் என்றால் நிலைமை இன்னும் கடினம். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பகுதிநேரத் துப்புரவாளர்கள் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், பகுதிநேரப் பணியாளர்கள் ஒப்பளிக்கப்பட்ட இடத்தில் இல்லை, முறைப்படுத்தக் கோர முடியாது என்று சொல்லிவிட்டது.

கோரிமேட்டார்

வக்கீல் சொன்னதோடு அரசு எடுத்த நிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006 பிப்ரவரியில் அரசாணை 22 வந்தது: 1.1.2006 அன்று பத்து வருடம் முடித்த தினக்கூலிகளை முறைப்படுத்தலாம் என்று. எங்கள் ஒன்றியத்தில் அன்றைக்குத் திருவிழா மாதிரி இருந்தது. காவலர், துப்புரவாளர், மோட்டார் இயக்குபவர் எல்லோரும் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி அலுவலக மச்சுக்கு ஏறினார்கள். கரையான் தின்ற பதிவேடு, எலி கடித்த பட்டுவாடாப் பட்டியல். யாரிடம் காகிதம் இருந்ததோ அவர் இன்றைக்கு ஓய்வூதியம் வாங்குகிறார். அவரோடு ஒரே நாளில் சேர்ந்து, காகிதம் கிடைக்காதவர் கூலியாகவே போய்ச்சேர்ந்தார். 2013-இல் அரசாணை 74 வந்தபோது முழுநேரத் தினக்கூலிக்கு மட்டும்தான், பகுதிநேரத்துக்கு இல்லை என்று தெளிவாக எழுதிவிட்டார்கள்.

உள்ளாட்சிகள் ஏன் பகுதிநேரமாகவே எடுக்கின்றன என்றால், சம்பளச் செலவுக்குக் கட்டுப்பாடு உண்டு, புது இடம் உருவாக்க மேலே அனுமதி வேண்டும். தலைவருக்கோ அதிகாரிக்கோ நாளைக்குக் காலையில் தண்ணீர் வர வேண்டும். ஊராட்சிப் பொது நிதியில் இருந்து சில ஆயிரம் கொடுத்து ஒருவரை வைத்துக்கொள்வதுதான் சுலபம். தண்ணீர் வந்துவிடும். அந்த ஆளின் எதிர்காலம் யாருடைய கோப்பிலும் இருக்காது. இதில் எந்தக் கட்சி ஆட்சி என்று பிரித்துப் பேச ஒன்றுமில்லை, எல்லாக் காலத்திலும் இப்படித்தான்.

வக்கீல் வண்டி

சரி, ஆனால் நிலைமை அங்கேயே நின்றுவிடவில்லை. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்குத் தீர்ப்பைப் பாருங்கள். மத்திய நீர் ஆணைய அலுவலகம் ஒன்றில் பகுதிநேரமாகத் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவர்கள். பத்து, இருபது வருடம் பார்த்தபிறகு 2018-இல் திடீரென்று நிறுத்தினார்கள். தொடர்ந்து தேவைப்படும் வேலையை ஆண்டுக்கணக்கில் தற்காலிகம் என்ற பெயரில் வாங்கிவிட்டு உமாதேவியைக் கேடயமாகப் பிடிக்காதே என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அவர்களைத் திரும்ப எடுத்து முறைப்படுத்த உத்தரவிட்டது. அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், காஜியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர்கள் வழக்கு. அது நேரடியாக உள்ளாட்சி. அவர்களுக்கு மீண்டும் வேலையும் பின்சம்பளத்தில் பாதியும் கிடைத்தது. அவர்கள் தொழில் தகராறுச் சட்டத்தின் வழியே போனவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

தறிச்சத்தம்

2014-இல் இல்லை, 2024-இல் உண்டு. நீதிமன்றத்துக்கே நிலையான முடிவு இல்லாதபோது மலை ஊர்ப் பெண் எதை நம்பி எஸ்டேட்டை விடுவாள்?

வக்கீல் வண்டி

அவள் வழக்கை நம்பி விடச் சொல்லவில்லையே. கோரிமேட்டார் சார் சொன்னதுதான். அவளுக்கு 12 மாதம் கழித்து என்ன வரும் என்று ஆணையிலேயே எழுதியிருக்கிறது. அந்த மாதிரி ஒரு வரி பெரியப்பா மகனிடம் இல்லை. இந்தத் தீர்ப்புகள் அவருக்குத்தான் தேவைப்படும்.

நெறியாளர்

ஒரு வேண்டுகோள். இரண்டு பேர் ஆணையின் படத்தைத் தனிச்செய்தியில் கேட்டதாகப் புகார் வந்திருக்கிறது. ஆணையையோ ஆதாரையோ யாருக்கும் அனுப்ப வேண்டாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று எழுதிய பதிவு ஒன்று நீக்கப்பட்டது.

மேச்சேரி மைனர்

கொஞ்சம் விலகிக் கேட்கிறேன். 2025 அக்டோபரில் ஊராட்சிச் செயலாளர் 1,483 இடத்துக்கு அறிவிப்பு வந்ததே, 15,900 தொடக்கம். அதற்கு மனுப் போட்டிருக்கிறேன். அதுவும் பகுதிநேரமா?

கோரிமேட்டார்

ஒரு காலத்தில் பகுதிநேர எழுத்தர்தான். ஊராட்சிக் கணக்கை எழுதிவிட்டு வீட்டில் மாடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள். படிப்படியாக உதவியாளர், செயலர் என்று பெயரும் வேலையும் வளர்ந்து, இப்போது 15,900–50,400 என்ற ஊதிய நிலைக்கு வந்திருக்கிறார்கள். ஒரு பகுதிநேர வேலை இவ்வளவு தூரம் வந்ததற்கு அவர்கள் சங்கம் நடத்திய போராட்டமும் காரணம், மேலே இருந்து வந்து குவிந்த வேலையும் காரணம். நூறு நாள் வேலை, வீடு கட்டும் திட்டம், ஆன்லைன் வரி எல்லாம் அவர் தலையில்தான். கிடைத்தால் விடாதீர்கள்.

மிளகுக்கொடி

எஸ்டேட் கணக்கு கேட்டேன். ஐந்து வருடம் தாண்டிவிட்டது. ரைட்டர் முதலில் "அதெல்லாம் நிரந்தர ஆளுக்குத்தான்" என்றார். 480 நாள் சட்டத்தைச் சொன்னேன். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டு, விலகல் கடிதம் கொடுங்கள், மேனேஜரிடம் வைக்கிறேன் என்றிருக்கிறார். செக்ரோல் அண்ணாவுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

கோரிமேட்டார் சார், தங்கச்சி சேர்வது என்று முடிவாகிவிட்டது. சேரும்போது எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்? ஆணையில் "முற்றிலும் தற்காலிகமானது" என்று ஒரு வரியும் இருக்கிறது.

கோரிமேட்டார்

அந்த வரி இந்த மாதிரி ஆணைகளில் வழக்கமாக இருப்பதுதான், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதற்கு மேலே "பார்வை" என்று தலைப்பிட்ட பகுதியில் எந்த அரசாணை, எந்த அறிவிப்பு என்று எண்ணும் நாளும் இருக்கும். அந்த வரிதான் உங்கள் பிடி. ஆணையை மூன்று நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். மலையில் மழைக்காலத்தில் காகிதம் பூஞ்சை பிடித்துவிடும், பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

சேரும் நாளை நீங்களே தேர்ந்தெடுங்கள். பள்ளி வேலைநாளாக, முற்பகலாக இருக்கட்டும். பணியில் சேர்ந்த அறிக்கையில் தேதியோடு "முற்பகல்" என்று எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரை போட்டு வாங்குங்கள். 12 மாதத்தை அந்தத் தேதியில் இருந்துதான் எண்ணுவார்கள். பிற்பகல் என்று எழுதிவிட்டால் அடுத்த நாளில் இருந்து என்பார்கள். ஒரு நாள் என்று நினைக்காதீர்கள், ஊதிய உயர்வு மாதத்தையே மாற்றிவிடும்.

தினமும் வருகைப் பதிவேட்டில் அவளே கையெழுத்துப் போடட்டும். வேலைக்கு வந்துவிட்டுக் கையெழுத்தை அமைப்பாளர் (சத்துணவு மையப் பொறுப்பாளர்) போட்டுக்கொள்வார் என்று விட்டுவிடும் பழக்கம் பல மையங்களில் உண்டு. முட்டை எண்ணிக்கை, அரிசி இருப்பு எல்லாம் அமைப்பாளர் பொறுப்பு. இருப்புப் பதிவேட்டில் யாராவது அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னால் போட வேண்டாம். விடுப்பு வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். வருடம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே சிறப்புக் காலமுறை ஊதியம் கேட்டு ஒரு விண்ணப்பம். தானாக வரும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

தாரமங்கலத்தாள்

ஒன்று சேர்க்கிறேன். தங்கை பத்தாவது முடித்தவர் என்றால் டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதுவதை விட வேண்டாம். விண்ணப்பத்தில் இந்த வேலையைக் குறிப்பிட வேண்டும், சான்று சரிபார்க்கும் நேரத்தில் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அதைக் கடைசி நாளில் கேட்டு ஓடக்கூடாது.

மிளகுக்கொடி

பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள் மேடம். சொல்கிறேன். அண்ணனுக்கு என்ன செய்வது?

வக்கீல் வண்டி

இப்போதைக்கு வழக்கு வேண்டாம், காகிதம் சேருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒன்றிய அலுவலகத்துக்கு. அவரை எந்தத் தீர்மானத்தின்படி வைத்தார்கள், தீர்மான நகல், முதல் சம்பளம் கொடுத்த மாதத்தில் இருந்து பற்றுச்சீட்டு நகல். "ஏன் நிரந்தரமாக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. வந்தபிறகு இங்கே எழுதுங்கள், தொழிலாளர் துறைப் பக்கம் போகலாமா என்று பார்ப்போம்.

கோரிமேட்டார்

பற்றுச்சீட்டு கிடைக்காவிட்டால் மோட்டார் அறையில் பழைய மின் அளவீட்டு நோட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில ஊர்களில் தினமும் மோட்டார் போட்ட நேரம் எழுதி இயக்குபவர் கையெழுத்துப் போடும் பழக்கம் இருந்தது.

மிளகுக்கொடி

இருக்கிறது சார். இப்போதுதான் போன் செய்து கேட்டேன், நாலைந்து நோட்டு வைத்திருக்கிறாராம். பழையதில் இரண்டை அடுப்பு பற்ற வைக்க எடுத்துவிட்டார்களாம். மீதியை இன்றைக்கே வீட்டுக்கு எடுத்து வரச் சொல்லிவிட்டேன். தங்கச்சி வருகிற திங்கட்கிழமை முற்பகலில் சேர்கிறாள்.